முட்டை வண்டியில் எழுதிய கிரெவி

“போன்ல அவன் பேசும்போது பின்னாடி கோழி கத்திச்சு டீச்சர். அதை மட்டும் நல்லாக் கேட்டேன்,” என்றார் இன்னாசிமேரி.

தனபால் வாயிலிருந்த காபியை விழுங்கினான். “நாமக்கல் ஜில்லாவுல கோழிச் சத்தத்தை வச்சு ஆளைப் புடிக்கறதுங்களா? சேலம் ஜங்ஷன்ல டிரெய்ன் சத்தத்தை வச்சு ஆளைத் தேடற மாதிரி இருக்குதுங்க.”

“நீ காபியைக் குடி,” என்றாள் அமுதவல்லி.

தனபால் கொஞ்ச காலம் கோழித் தீவன லாரி ஓட்டி, பிறகு பல வருஷம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன். முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்ததும் ஊருக்குத் திரும்பி அமுதவல்லியிடம் டிரைவராகச் சேர்ந்தான். கார் ஓட்டத்தான் சம்பளம். பேச்சை அவன் இலவசமாகவே கொடுத்துவந்தான். அமுதவல்லி ஓமலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தவள். மனப்பாடச் செய்யுளைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போய், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தையல்கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். கொலை கொள்ளை எதுவும் அந்த மாடிப்படி ஏறியதில்லை. வந்ததில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. பையன் சொல்லும் சம்பளம் மெய்யா, பையன் தலைமுடி மெய்யா, அந்த ரகம்.

இன்றைக்கு வந்ததும் அதுதான். ஆனால் இந்தத் தடவை மாடிப்படி ஏற மனமில்லாமல், சூரமங்கலத்தில் தன் வீட்டு முன்னறைக்கே இருவரையும் வரவழைத்திருந்தார் இன்னாசிமேரி. மகள் ஜெஸ்ஸிக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. பெயர் ஜெரால்ட். ஜேடர்பாளையம் பக்கத்தில் கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். அதற்கு முன்னால் ஐந்து வருஷம் சாமியாருக்குப் படிக்கிற குருமடத்தில் இருந்து, பாதியில் வந்துவிட்டவன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையில் முதல் ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஊரறிய அறிவிக்கப்போகிறார்கள். இன்றைக்கு வெள்ளி. நேற்று மத்தியானம் பேர் சொல்லாத ஒரு மொட்டை போன்.

“என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க,” என்றாள் அமுதவல்லி.

“‘அக்கா, அந்தப் பையனை நம்பாதீங்க. குருமடத்துல படிச்சேன்னு சொல்றது பொய்யுங்க. அந்த அஞ்சு வருசமும் ஜெயில்ல இருந்தானுங்க’ன்னான். வாயில துணியை வச்சுப் பேசின மாதிரி குரல்.”

“அப்புறம்?”

“‘உங்க பொண்ணு தங்கமானதுங்க, அதுக்கு நல்ல இடமாப் பாருங்க’ன்னான். அப்புறம்...” இன்னாசிமேரி தயங்கினார். “‘சாப்டீங்களா’ன்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சாப்பிட்டேன்னு சொன்னேன். கேட்டா பதில் சொல்லணுமில்ல?”

தனபால் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். மொட்டைக் கடிதாசி பார்த்திருக்கிறான், மொட்டை மெசேஜும் பார்த்திருக்கிறான். சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கிற மொட்டை போனை இப்போதுதான் கேள்விப்படுகிறான்.

அந்த நம்பரைத் திரும்பக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. குருமடத்தில் விசாரித்தால், எழுதிக் கேளுங்கள், பதினைந்து நாளில் பதில் வரும் என்கிறார்கள். உள்ளூர்க் கோயிலின் பங்குச் சாமியாரைக் கேட்கலாம், ஆனால் கோயிலுக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். ஜெஸ்ஸிக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் வெற்றிலை மாற்றுகிற அளவுக்கு வந்து நின்றுபோயிருந்தது. தப்பு அந்தப் பையன்மேல். பேச்சு வாங்கியது இவள்.

“ஜெஸ்ஸி அப்பாகிட்ட இன்னும் சொல்லலை டீச்சர். அவருக்கு அந்தப் பையன்மேல அவ்வளவு பிரியம்,” என்று இன்னாசிமேரி முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

அதுவரை வாசல் நிலையில் சாய்ந்து நின்ற ஜெஸ்ஸி உள்ளே வந்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. எதிரே நிற்பவரின் கண்ணுக்குள் பார்த்தே பேசுவாள். “நானும் வர்றேன் டீச்சர். முகத்தை மூடிக்கிட்டு வண்டியிலயே இருந்துக்கறேன். எனக்கு வேண்டியது ஒண்ணுதான், அவரு பொய்யா, நிஜமா?”

அவளுடைய போனில் ஜெரால்டின் படம் இருந்தது. படம் என்றால் முகம் இல்லை. முட்டை ஏற்றுகிற வேன் ஒன்றின் முதுகு. நீல பெயிண்டில், பெரிய ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை.

தனபால் எழுத்துக் கூட்டினான். “கி... ரே... வி. கிரேவி! முட்டை வண்டியில கிரேவின்னு எழுதியிருக்கானுங்க. நல்ல விளம்பரமுங்க. எழுத்துதான் தப்பு.”

“நானும் அப்படித்தான் நினைச்சுச் சிரிச்சேன்,” என்றாள் ஜெஸ்ஸி. “அது லத்தீனாம், கிரெவியாம். ‘வளர்ந்தேன்’னு அர்த்தமாம். பண்ணைக்குப் பேரு கிரெஸ்கோ, அதுக்கு ‘வளர்கிறேன்’னு அர்த்தம். போன மாசம்தான் வேன்ல புதுசா இதை எழுதினாரு.”

அமுதவல்லியின் கண்கள் சின்னதாயின. வினைச்சொல்லைக் கண்டால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

“வண்டியை எடு தனபாலு. குருமடத்துல அஞ்சு வருஷம் படிச்சவனுக்கும் நெட்டுல ஒரு நிமிஷம் பார்த்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வார்த்தை போதும்.”

திருச்செங்கோடு தாண்டும்வரை அமுதவல்லி போனில் லத்தீன் அகராதியைத் தோண்டிக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் ஜெஸ்ஸி துப்பட்டாவால் கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடியிருந்தாள்.

“வளர், பெருகு, உயர், செழி,” என்று படித்தாள் அமுதவல்லி. “கிரெவி: அதுக்கு இறந்தகாலம், வளர்ந்தேன். சரியாத்தான் எழுதியிருக்கான். ஆனா இது தன்வினை.”

“தமிழ்ல சொல்லுங்க டீச்சர்,” என்றான் தனபால்.

“இது தமிழ்தாண்டா. கோழி வளரும், நீ கோழியை வளர்ப்பே. முதல்லது தன்வினை, அடுத்தது பிறவினை. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லை வச்சு ஓட்டிடுவாங்க. லத்தீன்லயும் நம்ம மாதிரியே வேற வேற சொல்லு. கிரெஸ்கோன்னா தானா வளர்றது மட்டும்தான். இங்கிலீஷ் வழியா மேலோட்டமாப் பார்த்தவன், கோழி வளர்க்கறதுக்கும் அதுதான்னு தலையாட்டுவான். படிச்சவனுக்குப் பொறுக்காது. சரியா?”

“நான் கோழி வளர்க்கிறேன்னா பண்ணைக்காரன். நான் கோழி வளர்கிறேன்னா கோழி. அதானுங்களே?”

“பள்ளிக்கூடத்துல இருந்தப்போ நீ எனக்கு மாணவனா வந்திருக்கணும்.”

“வந்திருந்தா அப்பவே ஓய்வு வாங்கியிருப்பீங்க.”

பின்சீட்டுத் துப்பட்டாவுக்குள்ளிருந்து லேசாக ஒரு சிரிப்பு கேட்டது. தனபாலுக்குத் திருப்தியாக இருந்தது.

பண்ணை, ஜேடர்பாளையத்துக்குச் சற்று முன்னால், கிழங்குக் காட்டை ஒட்டி இருந்தது. நீளமாக மூன்று கொட்டகை. வாசலில் கிரெஸ்கோ பலகை. பக்கத்தில் அந்த வேன். காரை வெளியிலேயே நிழலில் நிறுத்தி, ஜெஸ்ஸியை அதில் விட்டுவிட்டு, இருவரும் உள்ளே போனார்கள். அமுதவல்லி இன்றைக்கு ஓமலூர் ஹாஸ்டல் ஒன்றுக்கு முட்டை வாங்க வந்த அம்மாள்.

ஜெரால்ட் மருந்து கரைத்த நீர்த்தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஒல்லியான உடம்பு, சட்டையில் ஒரு வெள்ளை இறகு. “வாங்க வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. சாப்டீங்களா?”

தனபால் அமுதவல்லியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அது சரிதான், இந்தப் பக்கத்தில் எல்லோரும்தான் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். அதற்காக அத்தனை பேரையும் பிடித்து உள்ளே தள்ள முடியாது.

“வாரா வாரம் முட்டை வேணும் தம்பி. வருஷம் முழுக்க,” என்றாள் அமுதவல்லி.

“இந்த மாசம் குடுக்கறனுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து பக்கத்துப் பண்ணையில வாங்கிக்கோங்க. நல்ல ஆளு. நானே சொல்லி உடறேன்.”

வருகிற வியாபாரத்தைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுகிறவனைத் தனபால் முதல்முறையாகப் பார்க்கிறான். மெல்ல நழுவிக் கொட்டகைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தான். ஒன்றில் கோழிகள். மற்ற இரண்டும் வெறுமை. கூண்டுகளைக் கழற்றி எங்கோ கொண்டுபோயிருந்தார்கள்.

“என்னங்க, ரெண்டு கொட்டாய் சும்மா கிடக்குது?”

“புதுக் குஞ்சு வரணுமுங்க,” என்றான் ஜெரால்ட், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

புதுக் குஞ்சு வருவதற்கு முன்னால் தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இங்கே தரையில் பழைய எரு காய்ந்து கிடந்தது, மூலையில் சிலந்தி குடும்பத்தோடு குடியேறியிருந்தது. தீவன லோடு அடித்த காலத்தில் இந்த மாதிரிக் கொட்டகை நூறு பார்த்தவன் தனபால். டீச்சரிடம் திரும்பி வந்தான்.

அமுதவல்லி பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “கிரெஸ்கோ. நல்ல பேரு. கோழி வளர்க்கறதுன்னு அர்த்தம், இல்லையா?”

ஜெரால்டின் முகத்தில் பல் வலிக்காரனின் வேதனை தோன்றியது. “அப்படி இல்லீங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. கிரெஸ்கோன்னா நான் வளர்றேன். கோழியை வளர்க்கறதுக்கு அந்தச் சொல்லு ஆகாதுங்க. அதுக்கு ‘அலோ’ன்னு வேற சொல்லு.”

“அலோவா?” என்றான் தனபால். “நாங்க போன் எடுத்தா சொல்றதுங்க அது.”

ஜெரால்ட் முதல்முறையாகச் சிரித்தான். அப்புறம் அணை திறந்தது போலப் பேச ஆரம்பித்தான். அந்தச் சொல்லை நிலாவுக்கும் சொல்லலாமாம். பௌர்ணமியை நோக்கி நிலா வளர்வதும் அதுதான், பிறைக்கு இங்கிலீஷில் உள்ள பெயரே அதிலிருந்து வந்ததாம். காவேரியில் தண்ணீர் ஏறினாலும் அதுதான். கோயில் பாட்டில் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்வதும் அதுதான். மனிதன் பேரிலும் புகழிலும் உயர்வதும், பழைய கவிதைகளில் பிள்ளை பிறப்பதும்கூட அதுதான். பேசப் பேச அவன் முதுகு நிமிர்ந்தது, கண் மின்னியது. இரண்டு கோழிகள் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி அவனையே பார்த்தன.

“வளர்ந்தேன்னா?” என்று சாதாரணமாகக் கேட்டாள் அமுதவல்லி.

பேச்சு நின்றது. ஜெரால்ட் வேனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். “கிரெவிங்க,” என்றான் மெதுவாக. பிறகு, “அட்டையில முட்டை அடுக்கித் தரட்டுங்களா?” என்றான்.

அணைக்கட்டு ஓரத்தில், மீன் வறுக்கிற கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை கறி தொடாத ஜெஸ்ஸிக்கு மீனில் தடை இல்லை. ஆனால் அவள் தட்டைத் தொடவில்லை.

“அவன் குருமடத்துல படிச்சவன்தான்,” என்றாள் அமுதவல்லி. “அஞ்சு வருஷம் அந்த மொழியோட குடித்தனம் நடத்தாதவனுக்கு அப்படி வலிக்காது. ஜெயில் கதை பொய்.”

ஜெஸ்ஸி மூச்சு விட்டாள். “அப்போ அவரு நிஜம்.”

“அது நிஜம். ஆனா வேற ஏதோ இருக்கு.”

“இருக்குதுங்க,” என்றான் தனபால். “கூண்டைக் கழட்டி வித்தாச்சு. புதுக் குஞ்சு வருதுங்கறது பச்சைப் பொய். அடுத்த மாசம் வேற பக்கம் போகச் சொல்றான். ஆளு கம்பி நீட்டப் போறானுங்க. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு காரணம்தான். ஒண்ணு நட்டம். இல்லாட்டி வேற ஒரு...” ஜெஸ்ஸியைப் பார்த்ததும் மீதியை மீனோடு சேர்த்து விழுங்கினான்.

“பொண்ணுன்னு சொல்லுங்கண்ணா. பரவாயில்லை,” என்றாள் ஜெஸ்ஸி.

அமுதவல்லி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பண்ணை சுருங்குது. ஆனா ‘வளர்ந்துட்டேன்’னு வேன்ல எழுதறான். நிலா, ஆறு, பாட்டுன்னு அத்தனையும் கொட்டினவன் அந்த ஒரு வார்த்தையில தடுக்கி விழறான். ஏன்?”

கடைக்காரம்மா பாவாயி உள்ளே திரும்பிப் புருஷனைப் பார்த்துக் கத்தினார்: “யோவ், எண்ணெய் காயுது, அதை அணைச்சுட்டு வாய்யா!”

“காயற எண்ணெய்ச் சட்டியை அணைச்சா மனுசன் என்னத்துக்கு ஆவாரு?” என்றான் தனபால். “பாவமுங்க, உங்களை அணைக்கச் சொல்லுங்க, அடுப்பை நான் பாத்துக்கறேன்.”

பாவாயி கரண்டியை ஓங்கினார். “உன்னை அணைக்கட்டுலயே தள்ளிடுவேன் பாத்துக்கோ!” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அமுதவல்லி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த மீன் துண்டு பாதி வழியில் நின்றுவிட்டது.

“என்ன சொன்னே?”

“சும்மா தமாசுக்குங்க டீச்சர்...”

“அணைச்சான்னா நெருப்பை அணைச்சான். அணைச்சான்னா கட்டிப் பிடிச்சான். எழுத்து ஒண்ணு, சொல்ற சங்கதி ரெண்டு!” எண்ணெய்க் கையோடு போனை எடுத்து அகராதியைத் திறந்தாள். “முதல் வரியில வளர்ந்தேன்னு இருந்ததும் நிறுத்திட்டேன். கீழே தள்ளிப் பார்க்கவே இல்லை. பதினெட்டு வருஷம் பிள்ளைங்களை ‘முழுக்கப் படி’ன்னு திட்டினவ நான்!”

திரையைத் தள்ளினாள். அங்கே இருந்தது இரண்டாவது பதிவு.

“கிரெவி,” என்று நிறுத்திப் படித்தாள். “இன்னொரு வினைக்கும் இதேதான் இறந்தகாலம். அந்த வினை செர்னோ. சலி. பிரித்துப் பார். கண்டுகொள்.” கொஞ்சம் நிறுத்தினாள். “முடிவு செய்.”

ஜெஸ்ஸி தன் போனில் வேன் படத்தைத் திறந்தாள்.

“முடிவு பண்ணிட்டேன்,” என்றாள் ஜெஸ்ஸி மெல்ல. “அவரு எழுதியிருக்கறது வளர்ந்தேன்னு இல்லை. முடிவு பண்ணிட்டேன்னு.”

“என்ன முடிவுங்க?” என்றான் தனபால்.

“அதை அவனே சொல்லட்டும்,” என்று அமுதவல்லி எழுந்தாள். “இந்தக் கல்யாணம் நிக்கணும்னு மொட்டை போன் பண்ணினவனும் அங்கேதான், அந்தக் கோழிச் சத்தத்துக்கு நடுவுலதான் இருக்கான்.”

ஜெரால்ட் முட்டை அட்டைகளைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தான். அமுதவல்லி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்னாசிமேரி கொடுத்த நம்பரைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இரண்டே விநாடியில், கோழிக் கொட்டகைக்குள், தீவன மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, ஆம்னி பஸ் ஹாரன் மாதிரி ஒரு ரிங்டோன் அலறியது. மொத்தக் கோழிகளும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டன. ஜெரால்ட் கையிலிருந்த அட்டை நழுவியது. தனபால் பாய்ந்து பிடித்தான். பாதி முட்டை பிழைத்தது, மீதி அவன் சட்டையில் உடைந்தது.

“அலோ,” என்றான் தனபால், மஞ்சள் கருவைத் துடைத்தபடி. “உங்க போன்தானுங்களே?”

ஜெரால்டின் பார்வை அமுதவல்லியைத் தாண்டி, கேட் வழியாக நடந்துவந்தவளிடம் போயிருந்தது. ஜெஸ்ஸி துப்பட்டாவை அவிழ்த்துக்கொண்டே வந்தாள்.

“யாரு அந்தப் பொண்ணு?” என்றாள்.

“பொண்ணு இல்லீங்க.”

“பின்னே?”

“குருமடம்ங்க. திரும்பப் போறேன். சேர்த்துக்கறோம்னு சொல்லிட்டாங்க.”

தனபால் கையில் அட்டையோடு அப்படியே நின்றான். அவன் யோசித்துவைத்திருந்த இரண்டு காரணத்திலும் இது இல்லை.

ஜெரால்ட் கொட்டிவிட்டான். அப்பா சவரிமுத்து கீழே விழுந்து இடுப்பு உடைந்தபோது பண்ணையைப் பார்க்க ஆளில்லாமல் இவன் படிப்பை விட்டு வந்தான். அப்பா எழுந்து நடமாடினார். பண்ணை பெருகியது. “கோழி வளர்ந்துச்சுங்க. நான் வளரலை,” என்றான். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்தால் மனசு குருமடத்து மணிக்காகக் காத்திருந்ததாம். அதற்குள் அப்பா சூரமங்கலத்தில் பெண் பேசி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அப்பாவின் சந்தோஷத்தைப் பார்த்து இவனும் தலையாட்டிவிட்டான்.

“அப்போ என்னைப் பிடிக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“புடிச்சதுங்க,” என்றான் ஜெரால்ட். “உங்களைப் பாத்துட்டு வந்த அன்னிக்குத்தான் பயமாயிடுச்சு. பாதி மனசோட ஒருத்தரைக் கட்டிக்கறது எவ்வளவு பெரிய தப்புன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது. முடிவு பண்ணினேன். ஆனா நான் வேண்டாம்னு சொன்னா, ரெண்டாவது தடவை பொண்ணு ஊட்டுக்காரங்க பேரு கெடும். நீங்களே என்னை வேண்டாம்னு சொல்லிட்டா...”

“அதுக்காக ஜெயிலா?” என்றாள் அமுதவல்லி.

“வேற என்ன சொல்றதுன்னு தெரியலைங்கம்மா. குடிக்கறேன்னு சொல்லலாம்னா, அது ஒரு தடையே இல்லைன்னு விட்டுடுவாங்களோன்னு பயம்.”

“சாமியாராப் போறவரு இத்தனை பொய் சொல்லியிருக்கீங்க,” என்றான் தனபால். “போனதும் முதல் வேலையா நீங்க செஞ்ச பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணுமுங்க. நீளமா.”

ஜெஸ்ஸி சிரிக்கவில்லை. அவள் வேனின் பின்பக்கம் போய் நின்றாள். அந்த நீல எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பியபோது குரல் கிளம்பியது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலை. ஆனா இங்கேர்ந்து பாலக்காடு வரைக்கும் ரோட்டுல போறவன் வர்றவன் அத்தனை பேருக்கும் பெயிண்ட் அடிச்சுச் சொல்லியிருக்கீங்க! லாரிக்காரன் படிச்சிருக்கான், டோல்கேட்காரன் படிச்சிருக்கான், எனக்கு மட்டும் ‘வளர்ந்தேன்’! நான் ஒரு மாசமா இந்தப் போட்டோவைப் பாத்துப் பாத்து, என்ன அழகா எழுதியிருக்காருன்னு பெருமைப்பட்டேன்.”

“மனசுல வச்சுக்க முடியலைங்க. சொல்லவும் தைரியம் வரலை,” என்றான் ஜெரால்ட். “அதான்.”

“வண்டியை எடுங்க.”

“எங்கே?”

“எங்க அப்பாகிட்ட. நீங்களே சொல்லணும். நான் ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்க மாட்டேன்.”

சூரமங்கலம் போகும்வரை முன்னால் வேன், பின்னால் கார். கிரெவி என்ற எழுத்து கண்ணெதிரிலேயே குலுங்கிக்கொண்டு போனது. தனபால் வழியில் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. அமுதவல்லி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

ஜெஸ்ஸியின் அப்பா ராயப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டீசல் என்ஜின் ஓட்டி ஓய்வுபெற்றவர். என்ஜின் அவர் காதிரண்டையும் தன்னோடு எடுத்துக்கொண்டது. வாங்கிக் கொடுத்த காது மெஷின் விசில் அடிக்கிறது என்று அதை டப்பாவிலேயே வைத்திருந்தார். வருங்கால மருமகனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வாங்க மாப்பிள்ளை! சொல்லாமக்கொள்ளாம வந்திருக்கீங்க!”

இன்னாசிமேரி கதவைப் பிடித்துக்கொண்டு அமுதவல்லியைப் பார்த்தார். அமுதவல்லி, பொறுங்கள் என்று கை காட்டினாள். ஜெஸ்ஸி படியில் உட்கார்ந்து உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள்.

ஜெரால்ட் நாற்காலிக்கு எதிரே போய் நின்றான். “மாமா... நான் குருமடத்துக்குத் திரும்பப் போறேனுங்க.”

“என்னது, குடமா? உள்ளே தண்ணி இருக்கு, குடிங்க.”

“குருமடமுங்க! சாமியாருக்குப் படிக்கப் போறேன்!”

“சத்தமாப் பேசுங்க மாப்பிள்ளை. வயசுப் பையன், என்ன முனகல்?”

ஜெரால்ட் கண்ணை மூடிக்கொண்டான். நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்துக்கொண்டு கத்தினான்: “நான் சாமியாராப் போறேனுங்க! என்னால கல்யாணம் பண்ணிக்க முடியாதுங்க! தப்பு எம்மேலதான்! உங்க பொண்ணுமேல ஒரு தப்பும் இல்லீங்க! முடிவு பண்ணிட்டேன்!”

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்கடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் துணியோடு அப்படியே நின்றாள். முக்குக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை உயரத்திலேயே நின்றுபோனது. தெருவில் கேட்காத வீடு இல்லை. பெண்மேல் தப்பில்லை என்பதை இதைவிட நன்றாக யாரும் ஊருக்குச் சொல்லியிருக்க முடியாது என்று தனபாலுக்குத் தோன்றியது.

முதலில் பேசியவர் இன்னாசிமேரி. “அப்போ ஜெயில்ல இல்லையா? ஐயோ சாமி, ஆண்டவருக்குப் போற பிள்ளையை ஜெயில் கைதின்னு நினைச்சு ராத்திரி முழுக்கச் சபிச்சேனே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ராயப்பன் எழுந்து, தன் நாற்காலியை ஜெரால்டிடம் தள்ளினார். “உட்காருங்க,” என்றார். மாப்பிள்ளை என்ற வார்த்தை அதில் இல்லை. “உங்க அப்பாகிட்டச் சொல்லியாச்சா?”

“இல்லீங்க. கொட்டாய் காலியானதுக்கும் புதுக் குஞ்சு வருதுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.”

“நாளைக்குக் காலையில நானும் வாரேன். சவரிமுத்துகிட்ட நீங்க தனியா மாட்ட வேணாம்.”

ஜெரால்ட் கையால் முகத்தை மூடிக்கொண்டான். தனபால் சட்டையில் காய்ந்துபோன முட்டையைச் சுரண்ட ஆரம்பித்தான். அந்த நேரத்தில் பார்ப்பதற்கு அவனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

வெயில் தாழ்ந்தபோது ஜெரால்ட் கிளம்பினான். ஜெஸ்ஸி வேன்வரை கூடவே வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் வழக்கம்போல அவன் கண்ணுக்குள் பார்த்துத்தான் நின்றாள்.

“என்னை மன்னிச்சுட்டீங்களா?” என்று கேட்டான் ஜெரால்ட்.

“இன்னும் முடிவு பண்ணலை,” என்றாள் ஜெஸ்ஸி. “பண்ணினதும் சொல்றேன். தமிழ்லயே.”